காக்ஸ்-2: வேலை முடிந்தும் விலகாத நொதி

காக்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சைக்ளோஆக்சிஜனேஸ், உயிரணுச் சவ்விலிருந்து விடுபடும் அராக்கிடோனிக் அமிலத்தைப் புரோஸ்டாகிளாண்டின்களாக மாற்றும் வேலையைத் தொடங்கிவைக்கும் நொதி. இதில் முக்கியமாக இரண்டு வகை. காக்ஸ்-1 எப்போதும் பணியில் இருப்பது. இரைப்பையின் உட்சுவரைக் காப்பது போன்ற அன்றாட வேலைகள் அதனுடையவை. 1991இல் இனங்காணப்பட்ட காக்ஸ்-2, பெரும்பாலும் காயமோ தொற்றோ அழற்சியைக் கிளப்பும்போதுதான் தலைகாட்டும்.

வந்த வேகத்தில் அது மறையவும் உடலில் ஏற்பாடு உண்டு. காக்ஸ்-2ஐ உருவாக்கும் தூது ஆர்என்ஏவின் வால்பகுதியிலேயே, அதை விரைந்து சிதைக்கச் சொல்லும் குறியீடுகள் இருக்கின்றன. உருவான புரோஸ்டாகிளாண்டினை 15-பிஜிடிஹெச் என்னும் வேறொரு நொதி செயலிழக்கச் செய்கிறது. பெருங்குடல் புற்றில் பல நேரங்களில் இவை இரண்டுமே கெட்டுப்போகின்றன. ஆர்என்ஏ சிதையாமல் நீடிக்கிறது, 15-பிஜிடிஹெச் குறைகிறது. குழாயையும் மூடவில்லை, வடிகாலும் அடைத்துக்கொண்டது என்ற கதைதான். தேங்கும் புரோஸ்டாகிளாண்டின் இ2, அணுக்களைப் பெருகத் தூண்டுகிறது, மடிய வேண்டியவற்றை மடியவிடாமல் தடுக்கிறது, கட்டிக்குப் புதிய ரத்தக் குழாய்கள் முளைக்க உதவுகிறது. கட்டியை அழிக்க வேண்டிய நோயெதிர்ப்பு அணுக்களையும் மந்தமாக்கிவிடுகிறது.

புற்றுக்கட்டிகளுக்குள் வெள்ளணுக்கள் இருப்பதைக் கண்ட ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ, நாள்பட்ட அழற்சிக்கும் புற்றுக்கும் உள்ள உறவை 1863லேயே ஊகித்தார். 1988இல் மெல்போர்ன் ஆய்வொன்று, காக்ஸ் நொதிகளை முடக்கும் ஆஸ்பிரினை உண்பவர்களிடம் பெருங்குடல் புற்று குறைவு என்றது. குடலில் பின்னர் புற்றாக மாறக்கூடிய பாலிப்புகள் என்னும் சதைவளர்ச்சிகள் ஏராளமாகத் தோன்றும் மரபுக்கோளாறு கொண்ட எலிகளில் காக்ஸ்-2 மரபணுவை நீக்கியபோது, பாலிப்புகளின் எண்ணிக்கையும் பருமனும் வெகுவாகக் குறைந்ததை 1996இல் ஆய்வாளர் டக்கெட்டோவின் குழுவினர் காட்டினர்.

அப்படியானால் காக்ஸ்-2ஐ மட்டும் முடக்கினால் போதாதா? ரோஃபெகாக்சிப் அப்படிப்பட்ட மருந்துதான். பாலிப்பைத் தடுக்குமா என்று பார்க்க நடந்த சோதனையிலேயே, அதை உண்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்து, 2004இல் விற்பனை நிறுத்தப்பட்டது. ரத்தக் குழாய்ச் சுவரில் உறைவைத் தடுக்கும் புரோஸ்டாசைக்ளின் உருவாகவும் காக்ஸ்-2 தேவைப்படுகிறது என்பதே இதற்குப் பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம்.

பழைய ஆஸ்பிரினும் எல்லாருக்கும் ஏற்றதல்ல. மரபுவழியில் வந்து பெருங்குடல் புற்று அபாயத்தைக் கூட்டும் லிஞ்ச் நோய்க்குறி உள்ளவர்கள் சராசரியாக இரண்டாண்டுகள் தினமும் 600 மில்லிகிராம் உண்டதில் பெருங்குடல் புற்று குறைந்தது. அந்தப் பலன் தெரியவே பல ஆண்டுகள் பிடித்தன. ஆனால் 2018இல் வெளியான ஆய்வில், தினமும் 100 மில்லிகிராம் உண்ட ஆரோக்கியமான முதியவர்களிடம் ரத்தக்கசிவு கூடியது; புற்றுநோய் இறப்புகளும் எதிர்பாராத வகையில் அதிகமாயின. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வலிமாத்திரை வாங்கி, புற்றுக்கும் நல்லது என்று விழுங்கும் பழக்கத்துக்கு இந்த ஆராய்ச்சிகளில் எந்த ஆதரவும் இல்லை.