தோட்டம் முழுக்க நெருப்பு.. ஒரு ஒயினுக்காக இவ்வளவு பாடா? பிரான்சின் ‘ஷப்லி’ கதை

2021 ஏப்ரல் முதல் வாரம். பிரான்சின் ஷப்லி என்ற சின்ன ஊரைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில், நள்ளிரவில் வரிசை வரிசையாக நெருப்பு எரிந்தது. அந்தப் படங்கள் உலகம் முழுக்க வைரல் ஆனது. பார்க்க ஏதோ திருவிழா மாதிரி இருக்கும். ஆனா அது திராட்சைக் கொடியில் அப்போதுதான் விட்ட துளிர் பனியில் கருகிவிடக் கூடாதே என்று விவசாயிகள் ஏற்றி வைத்த நெருப்பு. டப்பாக்களில் பாரஃபின் மெழுகை நிரப்பி, ஒரு ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கில் வைத்து விடிய விடிய எரித்தார்கள்.

அப்படி என்ன ஸ்பெஷல் இந்த ஒயின்?

பாரிஸில் இருந்து தென்கிழக்கே சுமார் 180 கி.மீ. தொலைவில், செரான் ஆற்றங்கரையில் இருக்கிறது ஷப்லி. பெயருக்கு பர்கண்டி பகுதிதான். ஆனா பர்கண்டியின் வடக்கு முனை. புகழ்பெற்ற ஷாம்பெயின் பகுதிதான் இதற்குப் பக்கம். இங்கு விளையும் ‘ஷார்டனே’ என்ற ஒரே ஒரு திராட்சை ரகத்தில் இருந்துதான் ஷப்லி ஒயின் தயாராகிறது.

ஷார்டனே உலகம் முழுக்க விளையும் ரகம். கலிஃபோர்னியா போன்ற வெயில் அதிகமுள்ள இடங்களில் அதே திராட்சை, பழுத்த மாம்பழம், அன்னாசி மணத்தோடு கனமான ஒயினாக மாறும். ஷப்லியில் அப்படி இல்லை. வெளிர் மஞ்சளில் லேசான பச்சை சாயல், பச்சை ஆப்பிள், எலுமிச்சை வாசம், நாக்கில் சுள்ளென்று ஒரு புளிப்பு. இனிப்பு கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது.

வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் குளிர். திராட்சை பழுக்கப் பழுக்க சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். ஷப்லியின் குளிரில் பழம் மெதுவாகப் பழுப்பதால், அறுவடை வரை புளிப்பு தங்கிவிடுகிறது.

சிப்பி மண்ணின் சுவையா?

இங்குதான் ஒரு சுவாரஸ்யமான சண்டை. ஷப்லியின் நல்ல தோட்டங்கள் எல்லாம் சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த நிலத்தில் இருக்கின்றன. சுண்ணாம்பும் களிமண்ணும் கலந்த அந்த மண்ணைக் கிளறினால் குட்டிக்குட்டி சிப்பிகளின் படிமங்கள் கிடைக்கும். ஒயினிலும் கடல் வாசம், ஈரக்கல் வாசம் வருவதாக ரசிகர்கள் சொல்வார்கள். மண்ணின் சுவைதான் ஒயினுக்குள் வருகிறது என்பது விற்பனையாளர்களுக்கு ரொம்பப் பிடித்த வசனம்.

புவியியலாளர்கள் இதை ஏற்பதில்லை. பாறையின் சுவையை வேர் அப்படியே உறிஞ்சி பழத்துக்கு அனுப்ப முடியாது என்கிறார்கள். மண் தண்ணீரை எப்படித் தேக்குகிறது, எப்படி வடிக்கிறது, சரிவில் எவ்வளவு வெயில் விழுகிறது என்பதெல்லாம் நிச்சயம் முக்கியம். ஆனா சிப்பிக்கும் நாக்குக்கும் நேரடி தொடர்பு இருக்கு என்பது, கேட்க நல்லா இருக்கும் கதை மட்டும்தான்.

தயாரிப்பதிலும் ஒரு கட்டுப்பாடு

அறுவடை ஆனதும் பழத்தை உடனே பிழிந்து, தோலைத் தனியாகப் பிரித்துவிடுவார்கள். சாறு பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியில், சூடு ஏறாமல் நொதிக்கிறது. புது ஓக் மர பீப்பாயில் வைத்தால் வெண்ணிலா, டோஸ்ட் வாசம் ஏறி பழத்தின் சொந்த மணத்தை மூடிவிடும். அதனால் பலரும் அதைத் தவிர்க்கிறார்கள். உயர்தர ஒயினுக்கு பழைய பீப்பாய்களைப் பயன்படுத்துபவர்களும் உண்டு.

பிறகு பாக்டீரியாக்களின் வேலை. பச்சை ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலத்தை, தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலமாக அவை மாற்றும். கூர்மை கொஞ்சம் குறைந்து ஒயின் வழவழப்பாகும். அதற்குப் பிறகும் ஷப்லியில் புளிப்பு மிச்சம் இருக்கிறது என்றால், ஆரம்பத்தில் எவ்வளவு இருந்திருக்கும் பாருங்க!

பெட்டி ஷப்லி, ஷப்லி, ப்ரீமியே க்ரூ, கிராண்ட் க்ரூ என நான்கு தரம் உண்டு. உச்சத்தில் உள்ள கிராண்ட் க்ரூ, ஊருக்கு எதிரே ஒரே குன்றில் இருக்கும் சுமார் 100 ஹெக்டேர் மட்டுமே. 1938-லேயே இந்தப் பெயருக்கு பிரான்ஸ் சட்டப் பாதுகாப்பு கொடுத்துவிட்டது. ஆனா அமெரிக்காவில் பல வருஷமா, எந்தத் திராட்சையில் செய்த மலிவு வெள்ளை ஒயினையும் ‘ஷப்லி’ என்றே விற்றார்கள்.

குளிரே வரம், குளிரே எமன்

சுவையைக் கொடுக்கும் அதே குளிர்தான் விவசாயியைக் கொல்கிறது. அடுத்தடுத்த பனியும் மற்ற பிரச்சினைகளும் சேர்ந்து 1950-களில் ஷப்லி தோட்டங்கள் சுமார் 500 ஹெக்டேராகச் சுருங்கின. ஹீட்டர், தண்ணீர் தெளிப்பு போன்ற வசதிகள் வந்த பிறகுதான் ஊர் மீண்டது. இன்று 5,500 ஹெக்டேருக்கும் மேல்.

பனிக்குத் தண்ணீர் தெளிப்பதா என்று கேட்கலாம். தண்ணீர் உறையும்போது கொஞ்சம் வெப்பத்தை வெளியிடும். அதனால் பனிக்கட்டிக்குள் இருக்கும் துளிர் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்திலேயே நின்று பிழைத்துவிடும். ஒரே நிபந்தனை, தெளிப்பதை நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் துளிர் காலி.

2021-ல் மார்ச் கடைசியில் வெயில் கொளுத்தியதால் துளிர் சீக்கிரம் வெளியே வந்தது. ஒரே வாரத்தில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குப் பல டிகிரி கீழே இறங்கியது. நாடு முழுக்க பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு 100 கோடி யூரோ உதவியை பிரான்ஸ் அரசு அறிவித்தது.

பூமி சூடானால் பனி குறையும்தானே என்று தோன்றும். நடப்பது வேறு. வசந்தம் முன்கூட்டியே வருவதால் துளிரும் முன்கூட்டியே வருகிறது, ஆனா ஏப்ரல் பனி போகவில்லை. கோடையில் பழம் வேகமாகப் பழுத்து புளிப்பு இறங்குகிறது. செப்டம்பரில் நடந்த அறுவடை, வெயில் கடுமையான ஆண்டுகளில் ஆகஸ்ட் கடைசிக்கே வந்துவிடுகிறது.

பனிக்கு எதிராக இப்போது சிலர் கையில் எடுத்திருப்பது செலவில்லாத பழைய வழி. கொடியைக் கவாத்து செய்வதை முடிந்தவரை தள்ளிப்போடுகிறார்கள். துளிர் சில நாள் தாமதமாக வந்தால், அந்த ஏப்ரல் இரவுகளைத் தாண்டிவிடலாம் என்ற கணக்கு.