புறாவும் பத்து மைக்ரோவினாடியும்

மட்டாஞ்சேரி குஜராத்தி சாலை ஜைனக் கோயிலில் நண்பகலில் புறாக்களுக்குத் தானியம் இறைப்பார்கள். பேரனோடு அதைப் பார்க்கப் போன வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கே கொண்டுபோய் விட்டாலும் புறா வீடு திரும்பிடும்னு சொன்னேன். 'யார் பாட்டி வழி சொல்றாங்க?'ன்னு கேட்டுட்டான். நீங்களே பதில் சொல்லுங்க."

சூரியன், வாசனை, பழகிய சாலை என்று புறாவுக்குத் துணை பல. பூமியின் காந்தமும் அதில் உண்டு. ஆனால் அது உடம்பில் எங்கே உறைக்கிறது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அலகில் இருக்கும் இரும்புதான் திசைகாட்டி என்று நெடுநாள் சொன்னார்கள். அந்த இரும்பு நரம்புக்குள் அல்ல, கிருமிகளை விழுங்கும் செல்களுக்குள் இருப்பது என்று 2012-இல் தெரிந்தது.

இன்னொரு வாதம் கண்ணைக் காட்டுகிறது. விழித்திரையில் கிரிப்டோகுரோம் என்றொரு புரதம். நீல ஒளி பட்டதும் அதிலுள்ள ஃபிளேவின், பக்கத்து டிரிப்டோஃபானிடமிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கிறது. ஆளுக்கொரு தனி எலெக்ட்ரானோடு நிற்கும் இந்த இரண்டும்தான் ரேடிக்கல் ஜோடி. ஜோடி கடைசியில் என்னவாக மாறும் என்பதைப் பூமியின் காந்தம் சற்றே திருப்பிவிடலாம் என்று 1978-இல் கிளாஸ் ஷுல்டனும் கூட்டாளிகளும் சொன்னார்கள். ஜோடியின் ஆயுளோ மைக்ரோவினாடிக் கணக்கு. எப்படிப் பார்ப்பது?

தனி எலெக்ட்ரானைப் பார்க்க இ.எஸ்.ஆர். (எலெக்ட்ரான் ஸ்பின் ரெசொனன்ஸ்) என்றொரு கருவி உண்டு; அதன் அடிப்படை பலரும் கல்லூரியில் படித்ததுதான். காந்தத்தில் தனி எலெக்ட்ரானுக்கு இரண்டு படி. மைக்ரோ அலையை உறிஞ்சிக் கீழ்ப்படியிலிருந்து மேலே ஏறும். கீழ்ப்படியில் கூட்டம் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டுதான் அதிகம் என்பதால் சிக்னல் மெலிசு. இரைச்சலிலிருந்து அதைப் பிரித்தெடுக்கக் காந்தப்புலத்தை நொடிக்கு ஒரு லட்சம் முறை லேசாக ஆட்டுவார்கள். ஓர் ஆட்டத்துக்கு 10 மைக்ரோவினாடி. அதற்குள் ஜோடி போயே போய்விடும். எங்கள் ஊர் ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படத்தில், அம்மா மடியில் துள்ளிக்கொண்டிருந்த தம்பி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு புகை இருக்கும். அதே கதைதான்.

ஆகவே ஆட்டத்தை நிறுத்திவிட்டு, லேசரைப் பளிச்சென்று ஒருமுறை அடித்து, அந்தக் கணத்திலிருந்து மைக்ரோ அலைக்கு என்ன ஆகிறது என்று நேராகவே பதிகிறார்கள். நியாயப்படி மெலிந்த சிக்னல் இரைச்சலில் மூழ்கியிருக்க வேண்டும். மூழ்குவதில்லை. எனக்குப் பிடித்த வினோதம் இதுதான். அறையின் வெப்பம் இன்னும் சமப்படுத்தாத, இப்போதுதான் பிறந்த ஜோடியில் சில இடங்களில் மேல்படியில்தான் கூட்டம். அங்கே மைக்ரோ அலையை வாங்க வேண்டிய எலெக்ட்ரான் கொடுக்கிறது, கடன் கேட்க வந்தவன் காசு கொடுத்துவிட்டுப் போவதுபோல. வரைபடத்தில் பாதிக் கோடு மேலே எழும்பும், பாதி கீழே தொங்கும். இரண்டுமே நன்றாகத் தடித்திருக்கும்.

இப்படித் தலைகீழான கோட்டை ஃபெஸன்டனும் ஷூலரும் 1963-இலேயே, எலெக்ட்ரான் கற்றை பாய்ச்சிய திரவ மீத்தேனில் பார்த்தார்கள். ஒரு தவளையின் கிரிப்டோகுரோமில் ரேடிக்கல் ஜோடியை இதே முறையில் 2009-இல் பிடித்தார்கள். 2021-இல் ராபின் என்ற ஐரோப்பியக் குருவியின் கிரிப்டோகுரோம்-4, சோதனைக் குழாயில் காந்தத்துக்கு நன்றாக அசைந்து கொடுத்தது. புறாவுடையது அவ்வளவு அசையவில்லை. பாட்டி மன்னிக்க வேண்டும்.

நம் ஊரில் பறவை என்றதும் கைபேசிக் கோபுரத்தைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறோம். 2014-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வில் ராபின்களைத் திசை தடுமாற வைத்தது வேறு: 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான மின்னிரைச்சல். கோபுரத்தின் அலைவரிசை அதற்கு எவ்வளவோ மேலே. கூண்டு இருந்த மரக் குடிலுக்கு அலுமினியத் தகடு அடித்து எர்த் கொடுத்ததும் குருவிகளுக்குத் திசை திரும்பக் கிடைத்தது. வீட்டில் எந்நேரமும் செருகிக் கிடக்கும் மட்டமான சார்ஜர் ஒன்றால் பழைய ரேடியோ கரகரப்பதைக் கேட்டவர்களுக்கு இந்த இரைச்சல் புதிதல்ல. அதைத் திட்ட மட்டும் ஆளில்லை.

பேரனுக்கு இன்னொன்றும் சொல்லலாம். ராபினின் திசைகாட்டிக்கு வடக்கு தெற்கு தெரியாது. காந்தக் கோடு தரையை நோக்கி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுதான் தெரியும். அந்தச் சாய்வே இல்லாத காந்த நடுக்கோடு அருகில் போவதால்தான் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவை ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் ராக்கெட் எழுந்ததும் அதே 1963-இல்தான். அங்கிருந்து கொஞ்சம் வடக்கே, மட்டாஞ்சேரியில் புறாக்கள் வட்டமடிக்கும் இடத்திலும் காந்தக் கோடு ஏறக்குறைய படுத்தேதான் கிடக்கிறது.