உறவும் சட்டமும் – 7: விதிவிலக்கில் குடியிருக்கும் தெற்கு

ஹைதராபாத் பஞ்சாரா ஹில்ஸில் இருக்கிறது பசவதாரகம் புற்றுநோய் மருத்துவமனை. அந்தப் பெயருக்குரியவர் என்.டி.ராமாராவின் முதல் மனைவி. அவருக்கு மாமன் மகள். தெலுங்கர்கள் இதை மேனரிகம் என்பார்கள். அவர்கள் கல்யாணம் நடந்த காலத்தில் இந்து திருமணச் சட்டம் கிடையாது. 1955-இல் வந்த அந்தச் சட்டத்தின் கணக்கில் மாமன் மகள் தடை செய்யப்பட்ட உறவு. அக்கா மகளும் அப்படியே. மீறினால் திருமணம் செல்லாது. ஒரு மாதம் வரை வெறுங்காவல், ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்றும் 18-ஆம் பிரிவு சொல்கிறது.

அப்படியானால் குண்டூரிலும் மதுரையிலும் எத்தனை மாப்பிள்ளைகள் கம்பி எண்ணியிருக்க வேண்டும்! காப்பாற்றுவது 5-ஆம் பிரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாசகம்: இரு தரப்பு வழக்கமும் அனுமதித்தால் சரி. வழக்கம் என்று வாயால் சொன்னால் போதாது. அது நெடுங்காலம் இடைவிடாமல், ஒரே சீராக இருந்திருக்க வேண்டும். குடும்ப வழக்கமென்றால் நடுவில் கைவிட்டிருக்கவும் கூடாது. அதை நிரூபிக்க முடியாததால் ஒரு பெண்ணின் திருமணமே செல்லாமல் போனது. தடைப் பிரிவையே எதிர்த்து அவர் போட்ட மனுவையும் தில்லி உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் தள்ளுபடி செய்தது.

மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டுவது தெற்கத்தியார் பழக்கம் என்று பௌதாயன தர்மசூத்திரமே எழுதிவைத்திருக்கிறது. அவ்வளவு பழைய வழக்கத்தை விலக்காக மட்டும் ஏற்றுக்கொண்ட சட்டம், வடக்கே உட்கார்ந்து எழுதியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சார்மினார் பக்கம் முஸ்லிம் வீடுகளுக்குப் போனால் முறை வேறு. அங்கே சாச்சா மகளையும், காலா மகளையும், அதாவது சித்தப்பா மகளையும் சின்னம்மா மகளையும், நிக்காஹ் செய்யலாம். மேனரிகக் குடும்பத்துக்கு அவர்கள் தங்கைகள். கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் அக்கா மகளைக் கட்டுவது குர்ஆன் விலக்கியது. ஒரே தாயிடம் பால் குடித்தவர்களும் மணக்கக் கூடாது.

மரபியலுக்கு மாமன் மகளும் சித்தப்பா மகளும் ஒன்றுதான். பிறக்கும் குழந்தைக்கு ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்துசேர 16-இல் 1 வாய்ப்பு. அக்கா மகளைக் கட்டினால் 8-இல் 1. சொந்தத்தில் கட்டாமல், தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே கட்டிவந்தாலும் பரம்பரை நோய் சேரும் என்று ஹைதராபாத்தின் சிசிஎம்பி உயிரியல் ஆய்வு மைய விஞ்ஞானிகள் பங்கேற்ற ஆய்வு 2017-இல் சொன்னது. அதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை, கொண்டுவரவும் மாட்டார்கள்.

சாதி, மதம் பாராத பதிவுத் திருமணத்துக்கென்று 1954-இல் வந்த சிறப்புத் திருமணச் சட்டம் இன்னும் கறார். ஓர் ஆண் மணக்கக் கூடாத 37 உறவுகளின் பட்டியலில் மாமன் மகளும் உண்டு, சித்தப்பா மகளும் உண்டு. விலக்கு வேண்டுமென்றால் மாநில அரசு அரசிதழில் அறிவித்த வழக்கமாக இருக்க வேண்டும். கேரளத்து வழக்கறிஞர் ஷுக்கூரும் மனைவி ஷீனாவும், முஸ்லிம் வாரிசுச் சட்டப்படி பங்கு பிரியாமல் சொத்து முழுவதும் மகள்களுக்கே சேரட்டும் என்று 2023-இல் இந்தச் சட்டத்தின் கீழ் மறுபடி பதிவு செய்துகொண்டார்கள். காலா மகளைக் கட்டிய பழைய நகரத்துக்காரர் ஒருவர் அதே எண்ணத்தில் பதிவு அலுவலகம் போனால், முதலில் இந்தப் பட்டியலைத் தாண்ட வேண்டும்.

உத்தராகண்டின் பொது சிவில் சட்டம் இதே பட்டியலை என்ன செய்திருக்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.