உங்களுக்குத் தெரியுமா? முத்துச் சலாபத்தில் ஒரு யூத சோசலிசவாதி

சிலாவத்துறைக்குத் தெற்கே, மறிச்சுக்கட்டிக் கடற்கரையில் 1906இல் நடந்த முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்தவர்களில் ஒருவர் லெனாட் வூல்ஃப். லண்டன் யூதக் குடும்பத்துப் பிள்ளை. யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து வந்த 25 வயது உத்தியோகத்தர். ஆள் அப்போது சோசலிசவாதி அல்ல, ஏகாதிபத்தியத்தின் கடமை தவறாத ஊழியர்.

சலாபம் என்ற அந்த முத்துக்குளிப்புக் காலத்தில் வெறும் மணலில் ஓலைக் கொட்டில்களாலான பட்டணம் ஒன்று முளைத்துவிடும். அரபுக் குளியாட்கள், தமிழர், சோனகர் என ஆயிரக்கணக்கானோர். மூச்சடக்கி அள்ளிவரும் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்குதான் குளித்தவனுக்கு. சிப்பியை அழுகவிட்டுத்தான் முத்தெடுப்பார்கள். அந்த நாற்றத்தையும் ஈக்கூட்டத்தையும் வூல்ஃப் கடைசிவரை மறக்கவில்லை. 1921இல் வந்த அவருடைய ‘முத்துகளும் பன்றிகளும்’ என்ற சிறுகதையின் களமே சலாபம்தான்.

1911இல் விடுமுறையில் ஊர் திரும்பியவர் அடுத்த ஆண்டு வேலையை உதறினார். வெர்ஜினியா வூல்ஃபை மணந்ததும் அந்த ஆண்டுதான். பிறகுதான் சோசலிசவாதியானார். ஆனால் 1897இல் வில்னாவில் யூதத் தொழிலாளர் தொடங்கிய ‘பூண்ட்’ என்ற சோசலிசக் கட்சியின் வழி அவருடையதல்ல. ஃபேபியன் சங்கம், கூட்டுறவு இயக்கம், பிரித்தானியத் தொழிற்கட்சி என்று போனார். நமக்கு முக்கியமானது இது: 1938இல் தொழிற்கட்சிக்கு எழுதிய குறிப்பொன்றில், சிறுபான்மையினரின் பாதுகாப்புக்காக இலங்கைக்குச் சுவிற்சர்லாந்து மாதிரியான கூட்டாட்சியைப் பரிசீலிக்கச் சொன்னார். கட்சி 1945இல் ஆட்சிக்கு வந்தது. குறிப்பு காகிதமாகவே கிடந்தது.