கத்தரி வேருக்குக் காவல் நிற்கும் நூற்புழு

கத்தரி இலையின் ஓரம் பல் பல்லாகக் கடிபட்டிருக்கும். சில நாளில் செடி உச்சி வெயிலில் தலை தொங்கும். தண்ணீர் பாய்ச்சினாலும் நிமிராது. பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். பக்கவேர்கள் தின்னப்பட்டு வெறும் கட்டைதான் மிஞ்சியிருக்கும். அடிமண்ணைக் கிளறினால் காலில்லாத வெள்ளைப் புழுக்கள் வளைந்து கிடக்கும்.

இது சாம்பல் கூன்வண்டின் வேலை. வண்டு இலையைத் தின்கிறது, அதன் புழு வேரைத் தின்கிறது. இலைமேல் எவ்வளவு மருந்து அடித்தாலும் மண்ணுக்குள் இருக்கும் புழுவை எட்டாது.

எட்டக்கூடிய ஓர் உயிர் மண்ணிலேயே இருக்கிறது: பூச்சிகளைக் கொல்லும் நூற்புழு. தக்காளி, வெண்டை வேரில் முடிச்சு உண்டாக்கும் நூற்புழுவால் நொந்தவர்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும். ஆனால் இது வேறு இனம், பயிரைத் தொடாது. மனிதர், ஆடுமாடு, மண்புழு எதற்கும் கேடில்லை.

நீளம் அரை மில்லிமீட்டர்தான். இரையின் வாய், மலத்துளை, சுவாசத்துளை வழியாக உள்ளே நுழைந்து, தன் குடலில் சுமந்து வந்த பாக்டீரியாவை அங்கே இறக்கிவிடுகிறது. இரண்டு நாளில் இரை செத்துவிடும். ஹெட்டரோராப்டிடிஸ் என்ற நூற்புழு வகை தாக்கிய புழு செங்கல் நிறத்துக்கு மாறும். அந்த உடலுக்குள்ளேயே நூற்புழு தலைமுறை தலைமுறையாகப் பெருகி, ஓரிரு வாரத்தில் குஞ்சுகள் வெளியேறி அடுத்த இரையைத் தேடிப் போகும்.

1929-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் வண்டுப் புழுக்களுக்குள் இத்தகைய நூற்புழுவைக் கண்டவர் கிளேசர் என்ற ஆய்வாளர். நம் வெப்பத்தைத் தாங்கும் ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா, கோயம்புத்தூரில் கண்டெடுக்கப்பட்டு 1992-இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. நம் மண்ணில் கிடைத்த இந்தச் செல்வம் நம் காய்கறித் தோட்டங்களில் இன்னும் பரவலாகப் புழங்காதது பெரிய குறைதான். பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் இதை நீரில் கரைக்கும் தூளாக்கியிருக்கிறது. இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேர்ப்புழுவை அடக்கவும் இது பயன்படுகிறது.

பலர் தோற்பது தெளிக்கும் முறையில்தான். பூச்சிமருந்துபோலக் காலை வெயிலில் இலைமேல் அடித்தால் வெயிலிலும் வறட்சியிலும் எல்லாம் செத்துவிடும். மண்ணை முதலில் நனைத்து, பொழுது சாயும் நேரத்தில் செடியின் அடிமண்ணில் ஊற்ற வேண்டும். பிறகு சில நாள் ஈரம் காயக்கூடாது. ஏக்கருக்குச் சுமார் 100 கோடி நூற்புழு தேவை. தெளிப்பானின் நுண்ணிய வடிகட்டியைக் கழற்றிவிட வேண்டும். டேங்க்கை அடிக்கடி கலக்காவிட்டால் எல்லாம் அடியில் தங்கிவிடும். இண்டிகாவுக்கு ஃபிரிட்ஜ் குளிரும் ஆகாது. பாக்கெட்டை வைத்திருக்க நிழலான, வெப்பம் ஏறாத இடமே போதும்.

பாக்கெட்டை வாங்கியதும் தயாரித்த தேதியைப் பாருங்கள். ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கலக்கி, சிறிது நேரம் கழித்து வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நெளிந்தால் உயிரோடு இருக்கிறது. ஊசிபோல விறைத்துக் கிடந்தால் வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.