பெட்டியில் 300 வாற், கதவுக்குள் எத்தனை?

காருக்கான ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் இரு வகையில் கிடைக்கின்றன. பெரிய கூம்பின் நடுவிலேயே சிறிய ருவீற்றரையும் வைத்துச் செய்தது கோஎக்சியல். இரண்டையும் தனித்தனியாக்கி, கூடவே ஒரு குறொஸ்ஓவரும் தருவது கொம்பொனன்ற் செற். குறொஸ்ஓவர் ஏறத்தாழ 3000 ஹேட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை ருவீற்றருக்கும் மிகுதியைக் கூம்புக்கும் பிரித்து அனுப்புகிறது. உயர்ந்த ஒலி நேர்கோட்டில் செல்வது. ருவீற்றர் கதவடியில் இருந்தால் அது முழங்காலோடு நின்றுவிடும். ருவீற்றரைப் பக்கக் கண்ணாடியின் முக்கோணத்தில் பூட்டினால் பாடகரின் குரல் காலடியிலிருந்து எழுந்து கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். கொம்பொனன்ற் செற்றுக்குக் கூடக் கொடுக்கும் பணம் இதற்காகத்தான்.

பொரளையிலிருந்து மருதானைப் பக்கம் போனால் வாகன உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தை வரும். அங்குள்ள கடைகளில் ஒலிபெருக்கி வாங்குபவரின் கண்ணில் முதலில் படுவது பெட்டியின் பெரிய எழுத்து: 300 வாற். அது உச்ச அளவு. ஒரு நொடிக்கும் குறைவாக வந்துபோகும் அதிர்ச்சியை ஒலிபெருக்கி தாங்கும் என்பதற்கு மேல் அதில் பொருளில்லை. அதே பெட்டியின் ஓரத்தில் ஆர்எம்எஸ் 60 வாற் என்று சிறிதாக இருக்கும். பார்க்கவேண்டியது அதைத்தான். ஒலிபெருக்கி தானாக வலுவைத் தருவதில்லை, வருவதைத் தாங்குகிறது. வரும் வலுவில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான் ஒலியாகிறது. மீதியெல்லாம் கூம்பின் பின்னாலுள்ள கம்பிச் சுருளில் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தைச் சுருள் தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்பதே ஆர்எம்எஸ்.

ஒலிபெருக்கிக்கு அந்த வலுவைத் தருவது ரேடியோ செற். ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களில் பலவற்றின் ரேடியோ 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரைதான் பிடிக்கும். இலங்கையின் எப்எம் வரிசையோ 88இலிருந்து 108 வரை செல்கிறது. அதனால் ரேடியோ செற்றையே மாற்றிவிடுபவர்கள் உண்டு. புதிய செற்றில் ‘50 வாற் x 4’ என்றிருக்கும். இந்த எண்ணையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 14.4 வோல்ற். அதன் வர்க்கத்தை ஒலிபெருக்கியின் தடையான 4 ஓமால் வகுத்தால் ஏறத்தாழ 52 வாற். ஆனால் அது சதுர அலைக்குரிய கணக்கு, அந்த நிலையில் வருவது இரைச்சல். சீரான சைன் அலைக்கு அதில் பாதி, இழப்புகள் போக ஓர் ஒலிபெருக்கிக்கு 20 வாற் அளவில்தான் மிஞ்சும்.

அப்படியென்றால் தனி அம்பிளிபயர் வாங்காதவருக்கு வாற்றைவிட முக்கியமானது உணர்திறன், அதாவது கொடுக்கும் வலுவுக்கு எவ்வளவு சத்தம் எழும் என்பது. 86 டெசிபெல் ஒலிபெருக்கி 80 வாற்றில் எழுப்பும் சத்தத்தை 92 டெசிபெல் ஒலிபெருக்கி 20 வாற்றிலேயே எழுப்பிவிடும், ஏனெனில் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் வலு இரட்டிக்கிறது. ஒப்பிடும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும்: 1 வாற்றில் அளந்ததா, 2.83 வோல்ற்றில் அளந்ததா? 4 ஓம் ஒலிபெருக்கிக்கு 2.83 வோல்ற் என்பது 2 வாற். அதில் 3 டெசிபெல் சும்மா ஏறியிருக்கும்.

சிறிய அம்பிளிபயர் ஒலிபெருக்கியைக் கெடுக்காது என்ற நம்பிக்கை தவறு. அதை முழுதாகத் திருகினால் அலையின் முகடுகள் வெட்டுப்பட்டு, சராசரி வலு கூடி, புதிய உயர் அதிர்வெண்களும் பிறக்கின்றன. அவை நேரே ருவீற்றருக்குப் போய் அதன் மெல்லிய சுருளைக் கருக்குகின்றன. அம்பிளிபயரின் ஆர்எம்எஸ் ஒலிபெருக்கியின் ஆர்எம்எஸ்ஸை ஒட்டி இருப்பதே நல்லது.

கொழும்பு மழையில் கண்ணாடி வழியே கதவுக்குள் தண்ணீர் இறங்கும். கடதாசிக் கூம்பைவிடப் பொலிப்புரோப்பிலீன் கூம்பும், பஞ்சு விளிம்பைவிட ரப்பர் விளிம்பும் அதைத் தாங்கும். கதவின் உட்தகட்டிலுள்ள துளைகளை அடைக்காவிட்டால் கூம்பின் பின்பக்க ஒலி முன்பக்க ஒலியோடு கலந்து தாழ்ந்த ஒலியை அழித்துவிடும். ஒரு கதவில் மட்டும் வயர்கள் மாறியிருந்தாலும் அதே கதிதான். 1.5 வோல்ற் பற்றரியின் நேர்முனையைக் கூம்பின் நேர்முனையிலும் எதிர்முனையை எதிர்முனையிலும் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே எழவேண்டும். இரு கதவிலும் அப்படியே. இந்தச் சோதனை ருவீற்றருக்கு ஆகாது. பூட்டுவதற்குமுன் கண்ணாடியை முழுதாக இறக்கி, ஒலிபெருக்கியின் காந்தம் அதில் முட்டாமல் உள்ளே எத்தனை சென்ரிமீற்றர் ஆழம் கிடைக்கிறதென்று அளந்துகொள்ளவேண்டும்.