முதலில் ஆள், பிறகு ஃபோல்டர்

பத்து கணினிகள் உள்ள ஓர் அலுவலகம். எட்டுப் பேர் எந்தக் கணினியிலும் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்றால், எண்பது லாகின்கள் தேவை. ஒருவர் வேலையை விட்டுப் போனால் பத்து இடங்களிலும் அவர் கணக்கை நீக்கியாக வேண்டும். ஓரிடத்தில் மறந்தாலும் ஆபத்துதான்.

இதே தலைவலி, பல மடங்கு பெரிதாக, அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்கு இருந்தது. 1983-ல் அங்கே தொடங்கிய 'அதீனா' திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று, மாணவர் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவருடைய கோப்புகள் கிடைக்க வேண்டும் என்பது. அதில் பிறந்ததுதான் கெர்பரோஸ். இந்த முறையில் பாஸ்வேர்டு நெட்வொர்க்கில் போவதே இல்லை. மத்திய சர்வர் தரும், சில மணி நேரமே செல்லுபடியாகும் டிக்கெட்தான் போகிறது. இன்றைய விண்டோஸ் சர்வர்களில் பயனர் கணக்குகளை ஓரிடத்தில் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியின் லாகினுக்கும் இதுவே அடிப்படை.

லாகினுக்கு அடுத்தது கோப்பு. 1984-ல் சன் நிறுவனம் உருவாக்கிய என்.எஃப்.எஸ்., சர்வரில் இருக்கும் கோப்பை நம் கணினியிலேயே இருப்பதுபோலக் காட்டியது. ஆனால் அதன் எளிய அமைப்பில் கோப்பின் சொந்தக்காரர் வெறும் எண்தான். ஒரு கணினியில் 1001 என்ற எண் கணக்காளருக்கு, அடுத்ததில் அதே எண் விற்பனையாளருக்கு என்றால், கணக்காளர் பூட்டிவைத்த சம்பளப் பட்டியலை விற்பனையாளர் தாராளமாகத் திறக்கலாம். அதனால்தான் லாகினை ஒழுங்குபடுத்தாமல் பொதுச் சேமிப்பில் கைவைக்கக் கூடாது.

செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்குச் சாம்பா இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-ல் வெளியிட்ட இந்த இலவச மென்பொருள், 2012-ல் வந்த 4.0 பதிப்பிலிருந்து ஆக்டிவ் டைரக்டரி சர்வராகவும் இயங்குகிறது. கணினிகள் முழுக்க லினக்ஸ் என்றால், அதே வேலைக்கு ஃப்ரீஐபிஏ பொருந்தும்.

நிறுவியபின் கவனிக்க வேண்டியவை மூன்று. கணினிகளின் கடிகாரம் ஐந்து நிமிடத்துக்குமேல் பிசகினால் கெர்பரோஸ் பொதுவாக லாகினை மறுத்துவிடும். லாகின் சர்வர் ஒன்றே இருந்து அது படுத்துவிட்டால் அலுவலகமே படுத்துவிடும். எனவே இரண்டாவது வேண்டும். பல வட்டுகளை ஒன்றாக இயக்கும் ரெய்டு பேக்கப் ஆகாது: தவறுதலாக அழித்த கோப்பு எல்லா வட்டுகளிலிருந்தும் அழியும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு தாள் போதும். யார் எந்தக் குழு, எந்தக் குழுவுக்கு எந்த ஃபோல்டர் என்று எழுதிப் பாருங்கள். தாளில் தீராத சண்டையை எந்தச் சர்வரும் தீர்த்துவைக்காது.